உயர்த்திக் கட்டிய பிக்கப் வண்டியில் ஸ்டீயரிங் கோளாறு கண்டறிதல்

விளைபொருளைச் சந்தைக்கும், நூலையும் பாவையும் தறிக்கும் கொண்டு செல்லும் பிக்கப் வண்டிகளைச் சங்கங்களும் அங்கத்தினர்களும் சொந்தமாக வைத்திருத்தல் இன்று வழக்கமாகிவிட்டது. இவ்வண்டிகளுள் பலவற்றைப் பின்புறம் பட்டை கூட்டியோ, அச்சுக்கும் பட்டைக்கும் இடையே கட்டை வைத்தோ உயர்த்திக் கட்டுகின்றனர். சிலர் முன்புறத்தையும் உயர்த்துகின்றனர். பாரம் ஏற்றினால் பின்புறம் தாழ்கிறது என்பதும், தோட்டத்துப் பாதையில் அடியில் கல் தட்டுகிறது என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். உயர்த்திய சில மாதங்களுக்குள் “ஸ்டீயரிங் சரியில்லை” என்னும் குறை எழுகின்றது. பின்னர் வண்டி பட்டறைக்கும் சங்கத்துக்குமாக நடக்கின்றது; ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்கள் மாற்றப்படுகின்றன; குறை மட்டும் தீர்வதில்லை.

மெக்கானிக்கின் தொழிலைக் கற்பிப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. அது பல ஆண்டுப் பயிற்சியால் வருவது. பட்டறைக்குச் செல்லுமுன் ஓட்டுநரும் காரியதரிசியும் தாமே பார்த்து அறியக்கூடியவை சில உண்டு. அவற்றை அறிந்து சென்றால் பட்டறைக்காரரின் வேலையும் எளிதாகும், சங்கத்தின் பணமும் நிற்கும். பணத்தைவிடப் பெரியது ஒன்றும் உண்டு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அச்சாலையில் மிளகும் வாழையும் ஏற்றி இறங்கும் வண்டியின் ஸ்டீயரிங்கை நம்பியிருப்பது ஓட்டுநரின் உயிர்.

உயர்த்துவதால் நேர்வது யாது?

மிதிவண்டியின் முன்கவை நேர்க்குத்தாக நில்லாமல், மேற்புறம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். கையை எடுத்தாலும் ஓடும் மிதிவண்டி நேராகச் செல்ல விழைவதற்கு அச்சாய்வும் ஒரு காரணம். பிக்கப் வண்டியின் முன்சக்கரம் எந்த அச்சைப் பற்றித் திரும்புகின்றதோ அதற்கும் இத்தகைய சாய்வு உண்டு. பட்டறையில் இதனைக் காஸ்டர் என்பர். வளைவைக் கடந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது பெரிதும் இதனாலேயே.

இச்சாய்வு மிகப் பெரியதன்று. பெரும்பாலும் சில டிகிரிகளே. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியைப் பின்புறம் மட்டும் 75 மில்லிமீட்டர் உயர்த்தினோம் என்று கொள்வோம். வண்டி முழுவதும் முன்னோக்கி ஏறத்தாழ 1.4 டிகிரி கவிழ்கின்றது. காஸ்டர் 3 டிகிரியாக இருந்திருந்தால் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. முன்புறத்தில் ஒரு பாகத்தைக்கூடத் தொடவில்லை. ஆயினும் ஸ்டீயரிங்கின் குணம் மாறிவிட்டது. “காலியாகப் போனால்தான் சார் அலைகிறது, பாரம் ஏற்றினால் நேராகப் போகிறது” என்று ஓட்டுநர் கூறினால் அதனை மனப்பிரமை என்று தள்ளிவிடுதல் கூடாது. பாரம் ஏறியதும் பின்புறம் தாழ்ந்து, இழந்த சாய்வு திரும்ப வருகின்றது. அவர் சொன்னதிலேயே நோயின் பெயர் இருக்கின்றது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு: காலியில் நேராகச் சென்று, பாரத்தில் அலைவது. இது பெரும்பாலும் பாரம் வைத்த இடத்தின் குற்றம். பின்னச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் வைத்த ஒவ்வொரு 100 கிலோவும், 3 மீட்டர் இடைவெளியுள்ள வண்டியில், முன்னச்சின் மேலுள்ள எடையில் 10 கிலோவைத் தூக்கிவிடுகின்றது. நெம்புகோல் கணக்கே இது. நூல் சிப்பங்களை இறக்குவதற்கு எளிதாக இருக்குமென்று பின்கதவை ஒட்டி அடுக்குவோர் இதனைக் கருதுக. மேட்டில் ஏறும்போது முன்புறம் இன்னும் இலேசாகின்றது; வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் சக்கரம் மண்ணைப் பற்றாது. இக்குறைக்கு மருந்து சிப்பங்களை முன்னே தள்ளி அடுக்குவதே, ஸ்பேனர் வேண்டுவதில்லை.

முன்புறத்தை உயர்த்திய வண்டியில் குறை வேறு வகையாகத் தோன்றும். முன்னச்சு பட்டையின்மேல் அமைந்த வண்டிகளில், ஸ்டீயரிங் பெட்டியிலுள்ள டிராப் ஆர்மிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கைக்கு ஒரு தண்டு செல்கின்றது. டிராக் லிங்க் என்பது அது. தயாரிப்பாளர் அதனைக் கூடியவரை பட்டையின் அசைவோடு ஒத்துப்போகும்படி அமைத்திருக்கின்றார். வண்டியை உயர்த்தியதும் அத்தண்டு செங்குத்தாகச் சாய்ந்துவிடுகின்றது. பள்ளத்தில் சக்கரம் மேலெழும்போது அச்சு ஒரு வளைவிலும் தண்டின் நுனி மற்றொரு வளைவிலும் செல்வதால், ஓட்டுநர் கையை அசைக்காமலே சக்கரம் திரும்புகின்றது. பிரேக் பிடிக்கும்போது முன்புறம் அமிழ்வதால் அப்பொழுதும் இவ்வாறே ஒரு பக்கம் இழுக்கும். இதனைப் பிரேக்கின் குறையென எண்ணிப் பிரேக் லைனிங்கை மாற்றுவோர் பலர்.

பட்டையைத் தாங்கும் சாக்கிளை நீளமாக மாற்றுவதும் ஒரு முறையாக வழங்குகின்றது. சாக்கிள் பட்டையின் முன்நுனியில் இருந்து நீண்டால் காஸ்டர் குறையும். பின்நுனியில் இருந்து நீண்டால் கூடும். எப்பக்கம் உள்ளது என்று பாராமல் நீட்டிவிட்டு, பிறகு வண்டி அலைகிறதென்றோ கனக்கிறதென்றோ வருந்துவதில் பொருளில்லை. முன்னச்சில் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்தல் மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. பிரேக் பிடிக்கும்போது அச்சு உருள முனைகின்றது; அவ்விசையில் கட்டை பிதுங்கி வெளியேறினால் வண்டி எவர் கைக்கும் அடங்காது.

டார்ஷன் பார் உள்ள வண்டிகளில் அதன் திருகை முறுக்கி முன்புறத்தை உயர்த்துவர். செலவில்லாத வழி என்பதால் இது பரவியிருக்கின்றது. ஆயினும் சக்கரம் கீழிறங்குவதற்கு இருந்த இடம் குறைந்துவிடுகின்றது. சக்கரங்களின் சாய்வும் டோ அளவும் மாறுகின்றன. டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் இதனை ஐயுறுக. உயர்த்தியபின் வீல் அலைன்மெண்ட் பார்க்கப்பட்டதா என்று கேட்டால், “ஒன்றும் கழற்றவில்லையே, எதற்கு?” என்னும் விடையே பெரும்பாலும் வருகின்றது.

முதலில் கேட்டறிதல்

வைத்தியர் நாடி பிடிக்குமுன் கேட்பதுபோல், வண்டியைத் தொடுமுன் ஓட்டுநரைக் கேட்க வேண்டும். குறை காலியிலா, பாரத்திலா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? எல்லா வேகத்திலுமா, குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமா? பிரேக் பிடித்தாலா, பிடிக்காமலா? ஸ்டீயரிங்கில் ஆட்டமா, கனமா, நடுக்கமா, ஒரு பக்கம் இழுப்பா? எல்லாவற்றுக்கும் மேலாக, குறை தொடங்குவதற்குச் சற்றுமுன் வண்டியில் என்ன வேலை நடந்தது? இவ்விடைகளை எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்துப் பார்க்க வேண்டியது காற்று. நான்கு டயர்களும் குளிர்ந்திருக்கும்போது அளந்து, இரு முன்டயர்களும் ஒத்திருக்கின்றனவா என்று காண்க. ஒரு பக்கம் இழுக்கும் வண்டியில் முன்டயர்களை இடம் வலமாக மாற்றிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரினுடையது. குறிப்பிட்ட திசையில் மட்டுமே சுழலவேண்டிய டயராயின் இம்முறை ஆகாது. சிறிது தூரம் ஓட்டியபின் முன்சக்கரங்களின் அருகே கை வைத்துப் பார்க்க, ஒன்று மட்டும் மிகச் சூடாக இருப்பின் அதில் பிரேக் பிடித்தபடியே ஓடுகின்றது என்று பொருள்.

ஆட்டம் எங்குள்ளது என்று காணுதல்

பல இடங்களில் இதனைத் தவறாகச் செய்கின்றனர். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு, டை ராடைக் கையால் அசைத்துப் பார்த்து, “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று இறக்கிவிடுகின்றனர். தூக்கிய சக்கரத்தில் எதிர்ப்பு இல்லை. எதிர்ப்பு இல்லாதபோது தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டுப்போலவே நடந்துகொள்ளும். ஆகவே சக்கரங்கள் தரையில் அழுந்தி நிற்கும்போதே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியானால் என்ஜின் ஓடட்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவே, கடிகார முள் சில நிமிடங்கள் நகரும் தூரமே, விடாது அசைக்க வேண்டும். மற்றொருவர் பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வரவேண்டும். ஸ்டீயரிங் தண்டின் கிராஸ், ஸ்டீயரிங் பெட்டி, டிராப் ஆர்ம், டிராக் லிங்கின் இரு முனைகள், டை ராடு முனைகள் என்று வரிசை தவறாமல் செல்க. ஒரு மூட்டின் இரு பாதிகளும் ஒன்றாக அசைந்தால் அது நல்லது. ஒரு பாதி அசைந்து, மறுபாதி சற்றுப் பின்தங்கி அசைந்தால் தேய்வு அங்கே இருக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் மூட்டின்மேல் விரல் வைத்தால் தெரியும். ஸ்டீயரிங் பெட்டி சேசிஸில் பொருந்தும் போல்ட்டுகளையும் மறவாமல் காண்க. பெட்டியே அசைந்தால் உள்ளிருக்கும் பற்சக்கரங்களைக் குறைகூறிப் பயனில்லை.

இது முடிந்த பின்னரே ஜாக்கி. சக்கரத்தைத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. அசைவு இருந்தால் அது ஹப் பேரிங்கிலோ, கிங் பின்னிலோ, பால் ஜாயிண்டிலோ இருக்கலாம். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க மீண்டும் ஆட்டிப் பார்த்தால், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். அப்பொழுதும் எஞ்சி நிற்பது கிங் பின்னின் அல்லது பால் ஜாயிண்டின் ஆட்டம்.

ஸ்டீயரிங் கனமாக இருந்து, வளைவுக்குப்பின் நேருக்கு வராத வண்டியில் முதலில் கிரீஸ் பிடித்திருக்கின்றதா என்று பார்த்தல் போதும். பல வண்டிகளில் அதுவே விடையாக அமைகின்றது. பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெயின் அளவையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் காண்க.

பின்னாலிருந்து வரும் ஸ்டீயரிங் கோளாறு

மலைப்பகுதிச் சங்கமொன்றின் கணக்கைத் தணிக்கை செய்தபோது, ஒரே பிக்கப் வண்டிக்கு ஐந்து மாதங்களில் டை ராடு முனைகள், இரு முன்டயர்கள், ஸ்டீயரிங் பெட்டி என்று மூன்று பற்றுச்சீட்டுகளை நாம் கண்டோம். ஒவ்வொன்றின் பின்னும் “ஸ்டீயரிங் இழுப்புச் சரிசெய்தல்” என்று எழுதப்பட்டிருந்தது. ஒரே குறையை மூன்று முறை எவ்வாறு சரிசெய்தனர் என்பது நம் கேள்வி. முதற் சீட்டுக்கு முந்தைய மாதத்துச் சீட்டு ஒன்று, பின்புறம் பட்டை கூட்டியதற்கானது. ஓட்டுநரை விசாரித்தோம். நேர்ச்சாலையில் செல்லவேண்டுமானால் ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடுகிறது என்று சொல்வதாகவும் கூறினார்.

பின்னச்சு வண்டிக்குக் குறுக்கே செம்மையாக நில்லாமல் ஒரு பக்கம் முன்னோ பின்னோ விலகிவிட்டால், அதுவும் வண்டியைத் திருப்பும். முன்னே எத்தனை புதுப்பாகம் போட்டாலும் ஓட்டுநர் அத்திருப்பத்தை எதிர்த்தே ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். பட்டைகளை ஒன்றாகக் கோத்து நிற்பது நடுவிலுள்ள சென்டர் போல்ட்டு. அதன் தலை அச்சின் இருக்கையிலுள்ள குழியில் அமர்ந்து, அச்சு விலகாமல் காக்கின்றது. ஆனால் சுமையைத் தாங்குவது சென்டர் போல்ட்டு அன்று; யூ போல்ட்டுகள் பட்டையையும் அச்சையும் இறுக்கிப் பிடிப்பதாலேயே அது முறியாமல் இருக்கின்றது. பட்டை கூட்டினால் அடுக்கின் கனம் கூடுகின்றது. அதற்கேற்ற நீளமுள்ள புதிய யூ போல்ட்டு போடாமல் பழையதையே போட்டால் நட்டு இரண்டு மூன்று புரியில் மட்டுமே பிடிக்கும். சில நாளில் தளரும். தளர்ந்தபின் பிரேக்கின் விசையும் இழுவையின் விசையும் சென்டர் போல்ட்டின்மேல் விழ, அது வெட்டுண்டு போகின்றது. அச்சங்கத்து வண்டியில் வலப்பக்கம் நடந்தது இதுவே. பட்டைகளின் நடுவே துருப்பொடி செந்தூளாக உதிர்ந்திருந்தது. அச்சு தன் இருக்கையிலிருந்து விரற்கடை அளவு பின்னால் நகர்ந்திருந்தது. ஒரு சென்டர் போல்ட்டும் நான்கு யூ போல்ட்டுகளும் மாற்றியதும் இழுப்பு நின்றது. அவ்வண்டி அந்த ஐந்து மாதமும் மலையேறி இறங்கியிருக்கின்றது.

இதனைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டா. நெசவாளர் வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை; ஒரு குண்டும் சுண்ணக்கட்டியும் போதும். சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, பின்பட்டையின் முன்கண்ணுக்குள் செல்லும் ஆணியின் நடுவிலிருந்து தூக்குநூல் விட்டுத் தரையில் புள்ளியிடுக. பின்சக்கரத்தின் நடுவிலிருந்தும் அவ்வாறே இடுக. இரு பக்கமும் செய்தபின் வண்டியை நகர்த்திவிட்டு, முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்து ஒப்பிடுக. மூலைக்கு மூலையும் அளக்கலாம். சில மில்லிமீட்டர் வேற்றுமை அளவுப் பிழையாகவும் இருக்கலாம். விரற்கடை வேற்றுமை பிழையன்று.

அதே நூலால் முன்சக்கரங்களின் டோ அளவையும் தோராயமாகக் காணலாம். ஒவ்வொரு முன்டயரின் நடுவிலும் சக்கரத்தைச் சுழற்றியபடி சுண்ணக்கட்டியால் கோடிட்டு, வண்டியை இறக்கி, சில அடி முன்னே உருட்டி நிறுத்தியபின், அச்சின் உயரத்தில் இரு கோடுகளுக்கும் உள்ள தூரத்தை முன்புறமும் பின்புறமும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தயாரிப்பாளரின் புத்தகத்தில் சொன்ன சில மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். பாவு நீட்டிப் பழகிய கண்ணுக்கு இவ்வேலை மெக்கானிக்கைவிட நன்றாகவே வரும் என்பது நம் எண்ணம்.

நடுக்கம்

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிறு பள்ளத்தில் விழுந்தவுடன் முன்சக்கரங்கள் இடமும் வலமும் பேய் பிடித்ததுபோல் அடித்துக்கொள்ளும் குறை ஒன்று உண்டு. முன்னச்சு ஒரே தண்டாக அமைந்த வண்டிகளிலேயே இது மிகுதி. அமெரிக்க நாட்டில் பிக்கப் வண்டிகளை உயர்த்திப் பெரிய டயர் போட்டு ஓட்டுவோர் இதற்கு ‘மரண நடுக்கம்’ என்றே பெயரிட்டுள்ளனர். டயரின் சமன்கேடு இதனைத் தொடங்கிவைக்கும்; மூட்டுகளிலும் பேரிங்குகளிலும் உள்ள தளர்ச்சி அதனை வளர்க்கும். ஸ்டீயரிங் டாம்பர் என்னும் அடக்கியைப் புதிதாகப் போட்டவுடன் நடுக்கம் நின்றுவிடுவதும் உண்டு. அது நோய் மறைந்ததேயன்றித் தீர்ந்ததன்று. அடக்கி தேய்ந்ததும், அதற்குள் இன்னும் தளர்ந்துவிட்ட மூட்டுகளோடு திரும்ப வரும். ஓடும்போது இது நேர்ந்தால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கு நிற்காமல், உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டு, சாலையோரமாக மெல்ல வேகத்தைக் குறைத்தல் வேண்டும்.

உயர்த்துவது தகுமா?

பட்டை கூட்டினால் வண்டியின் வலிமை கூடிவிட்டது என்று அங்கத்தினர் பலர் நம்புகின்றனர். கூடியது பட்டையின் விறைப்பு மட்டுமே. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவையே. பின்பிரேக்கின் விசையைச் சுமைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் தரும் வால்வு சில வண்டிகளில் உண்டு. சேசிஸுக்கும் பின்னச்சுக்கும் உள்ள இடைவெளியைக்கொண்டே அது சுமையை அறிகின்றது. பின்புறத்தை உயர்த்திவிட்டால் முழுப்பாரத்திலும் வண்டி காலி என்றே அது எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். இறக்கத்தில் முன்பிரேக் மட்டும் தீய்ந்துபோவதன் காரணம் சில வேளைகளில் இதுவாகும்.

சட்டத்தையும் கருத வேண்டும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கின்றது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியுள்ளது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அளவுக்கு மேற்பட்ட பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனியே உண்டு. வண்டி சங்கத்தின் பேரில் இருப்பின் உரிமையாளர் சங்கமே. ஆதலின் உயர்த்திய வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பாரத்தை இரண்டு நடையாக ஏற்றுவதே நிர்வாகக் குழு செய்யத்தக்கது என்பது நம் துணிபு. டீசல் செலவு கூடுமே என்பார்க்கு, மேலே சொன்ன மூன்று பற்றுச்சீட்டுகளைக் காட்டலாம்.

பழைய நிலைக்குக் கொண்டுவரும்போதும் பட்டைகளைக் கழற்றிக் கோக்கவே வேண்டும். அடுக்கின் கனத்துக்குப் பொருந்திய புதிய யூ போல்ட்டுகளையே போட்டு, வண்டி தன் சக்கரங்களின்மேல் நிற்கும்போது தயாரிப்பாளர் சொன்ன விசையில் இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறையும் 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறையும் மீண்டும் இறுக்குக. அந்நாள்களையும், அப்பொழுது மீட்டரில் காட்டிய எண்ணையும், இறுக்கியவர் பெயரையும் வண்டியின் ஓட்டப் பதிவேட்டில் எழுதிக் காரியதரிசி கையொப்பமிடுதல் வேண்டும். இனி ஸ்டீயரிங் தொடர்பான பற்றுச்சீட்டு குழுவின் முன் வரும்போது அப்பக்கத்தையும் உடன் வைத்துப் பார்ப்பார்களாக.